ஜீப்புக்காரம்மா

பழைய இரும்புக் கடைக்காரர் ஜீப்பைச் சுற்றி இரண்டு முறை நடந்தார். பானட்டைத் தட்டிப் பார்த்தார். குனிந்து அடியில் எட்டிப் பார்த்தார். டயரை ஒரு உதை விட்டார்.

"முப்பத்தஞ்சாயிரம் தரலாம்மா. டயரு, ரிம்மு எல்லாம் சேர்த்துத்தான்."

திண்ணைக் கட்டிலில் உட்கார்ந்திருந்த ஜீப்புக்காரர் இடது கையால் கட்டில் சட்டத்தை ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். வாய் திறந்தது. வார்த்தை வரவில்லை.

"ஓடுற வண்டிய எதுக்குங்க எடைக்குப் போடணும்?" என்று கேட்டார் அவர் மனைவி.

"ஓடுதாம்மா?"

"ஓடும்."

கடைக்காரர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். சிரிக்காமல் என்ன செய்வார்? வண்டி 14 மாதமாக அந்த வேப்பமரத்தடியை விட்டு நகரவில்லை. முன்சீட்டுக்கு அடியில் பூனை குட்டி போட்டிருந்தது.

போடிநாயக்கனூரில் அந்தத் தெருவில் அவருக்குப் பெயர் ஜீப்புக்காரர். அதனால் அந்தம்மாவுக்கு ஜீப்புக்காரம்மா. ஊரில் ஜீப்புக்குப் பஞ்சமில்லை. விடியற்காலை நாலரை மணிக்கே தெருமுனைகளில் ஹாரன் சத்தம் கேட்கும். சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை மாட்டி, தலையில் துண்டு கட்டி, தூக்குவாளியோடு பெண்கள் ஏறுவார்கள். முந்தலைத் தாண்டி, 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, போடிமெட்டு வழியாக இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குப் போய், சாயங்காலம் திரும்புவார்கள். ஜீப்புக்காரர் 20 வயதில் யாரோ ஒருவருடைய வண்டியில் கிளீனராக அந்த மலை ஏறியவர். 2003-ல் சொந்தமாக இந்த வண்டியை வாங்கினார். 1994-ல் பதிவான மஹிந்திரா எம்.எம். 540. ஆள், உரம், ஏலக்காய் மூட்டை என்று எல்லாம் ஏற்றியிருக்கிறார். ஒரு தடவைக்கு எத்தனை ஆள் என்று மட்டும் கேட்கக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை வண்டிக்கு லீவு. அதாவது வண்டிக்கு ரிப்பேர் நாள். ஷெட்டுக்குக் கொண்டுபோகும் பழக்கமே அவருக்குக் கிடையாது. வேப்பமரத்தடியில் சாக்கை விரித்து அடியில் படுத்துவிடுவார். அந்தம்மா குழம்பை அடுப்பில் வைத்துவிட்டு வந்து பக்கத்தில் குத்தவைத்து உட்காருவார். "இந்தா, அரை இஞ்சு" என்று ஒரு கை வெளியே நீளும். அந்தக் கையில் சரியான ஸ்பேனரை வைக்க வேண்டும். 20 வருடமாக இதுதான் அவருடைய ஞாயிற்றுக்கிழமை.

லேசான வேலை என்று நினைத்துவிடாதீர்கள். இந்த ஜீப்பில் ஒரு விசேஷம் உண்டு. வண்டியின் உடம்பு அமெரிக்க வில்லிஸ் ஜீப் வழியில் வந்தது. 1947-ல் மஹிந்திரா பம்பாயில் வில்லிஸ் ஜீப்பை இறக்கி ஒருங்கிணைக்க ஆரம்பித்த நாளிலிருந்து தொடரும் உறவு அது. எஞ்சினோ பிரான்ஸ் நாட்டு பியூஜோவின் வடிவமைப்பு, 2,112 சி.சி. டீசல். அமெரிக்காக்காரன் இஞ்சில் அளந்தான், பிரெஞ்சுக்காரன் மில்லிமீட்டரில் அளந்தான். ஆகவே ஒரே வண்டிக்கு இரண்டு டூல்ஸ் பெட்டி வேண்டும். மேலே கை வைத்தால் எம்.எம். ஸ்பேனர், கீழே படுத்தால் இஞ்சு ஸ்பேனர். மாற்றிப் போட்டால் நட்டின் மூலை மழுங்கிவிடும். பிறகு உளி வைத்துத்தான் வெட்ட வேண்டும். அந்தம்மா இரண்டு பெட்டிக்கும் அடையாளத்துக்குத் துணி கட்டி வைத்திருந்தார். மேல் பெட்டிக்குச் சிவப்பு, கீழ்ப் பெட்டிக்குப் பச்சை.

ஸ்பேனரைவிடக் கஷ்டம் டார்ச் பிடிப்பது. அப்பாவுக்கோ புருஷனுக்கோ ரிப்பேர் வேலையில் டார்ச் பிடித்த யாருக்கும் இது புரியும். எங்கே பிடித்தாலும் திட்டு விழும். "அங்கிட்டு இல்ல, இங்கிட்டு! நான் பாக்குற எடத்துக்குப் பிடி." நாலைந்து வருடம் திட்டு வாங்கிய பிறகு அந்தம்மா ஒன்றைக் கண்டுபிடித்தார். அவர் கையைப் பார்க்காமல், அவர் எதைத் தேடுகிறாரோ அதைப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு திட்டு குறைந்தது. வண்டியும் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிய ஆரம்பித்தது.

2023 செப்டம்பரில் ஒரு விடியற்காலை, சாவியை எடுக்கப்போன வலது கை சாவியைப் பிடிக்கவில்லை. கீழே விழுந்த சாவியை அவர் பார்த்துக்கொண்டே நின்றார். "என்னங்க?" என்று கேட்டதற்குக் குழறலாக ஏதோ வந்தது. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. கை மரத்துப்போச்சு, பனியில போனதுதான் என்று சொல்லி அக்கம்பக்கத்தார் தைலம் தேய்த்தார்கள். ஒருவர் சுக்குத் தண்ணி கொடுத்தார். அதில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் போயிற்று. பக்கவாதம் வந்த நாலரை மணி நேரத்துக்குள் போனால்தான் அடைப்பைக் கரைக்கும் ஊசி போட வழியுண்டு. அதுவும் ஸ்கேன் எடுத்துப் பார்த்த பிறகு. தேனிக்குப் போய்ச் சேர்ந்து ஸ்கேன் எல்லாம் முடிவதற்குள் அந்த நேரம் கடந்துவிட்டது. இதை அந்தம்மா இன்றைக்கும் யாரிடமும் வாய்விட்டுச் சொல்வதில்லை. தெருவில் யாருக்காவது தலை சுற்றினால்கூட முதலில் ஆட்டோவைக் கூப்பிடச் சொல்லி ஓடுகிறவர் இப்போது அவர்தான்.

மூளையின் இடது பக்கம் அடிபட்டால் வலது கை, கால் விழும். பெரும்பாலானவர்களுக்குப் பேச்சும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஜீப்புக்காரருக்கு இரண்டும் போயிற்று. சொல்வது புரியும். பதில் சொல்லத்தான் சொல் கிடைக்காது. டாக்டர் பரிசோதனைக்காக மனைவியைக் காட்டி, "இவங்க பேர் என்ன? சொல்லுங்க" என்றார். அவர் திணறித் திணறி, கண்ணில் தண்ணீரோடு, "இந்தா..." என்றார்.

"நல்லா இருந்தப்பவே பேர் சொன்னதில்லைங்க டாக்டர். இதத்தான் சொல்லுவாரு" என்றார் அந்தம்மா. அந்த வார்டில் அன்றைக்குச் சிரித்தவர் அவர் ஒருவர்தான். டாக்டரும் கொஞ்சம் சிரித்தார் என்று சொல்வார்கள்.

இன்னொரு வார்த்தையும் மிச்சம் இருந்தது. "பதினேழு." தண்ணீர் வேண்டுமென்றாலும் பதினேழு, கால் வலித்தாலும் பதினேழு. அந்த ஸ்பேனரை அதிகம் பிடித்ததாலா, மலையில் அத்தனை வளைவு ஏறி இறங்கியதாலா, யாருக்குத் தெரியும்?

ஆஸ்பத்திரிச் செலவு, மாத்திரை, பிசியோதெரபி, போக வர ஆட்டோ என்று செலவு ஏறியது. அந்தம்மாவின் 5 பவுன் சங்கிலி அடகுக்குப் போயிற்று. திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் மகன் மாதாமாதம் அனுப்பும் பணத்தில் வட்டி கட்டுவதே பெரும்பாடு. அவன்தான் போனில் சொன்னான்: "ஜீப்ப எடைக்குப் போட்டுரும்மா. நின்ன வண்டி நாளுக்கு நாள் நாசமாத்தான் போகும்." அவன் சொன்னதில் தப்பில்லை. நின்ற வண்டி ஓடுகிற வண்டியைவிட வேகமாகக் கெடும். டீசல் டாங்கில் தண்ணீர் இறங்கும். ரப்பர் வெடிக்கும். பிரேக் டிரம்மில் துரு பிடித்து ஷூ ஒட்டிக்கொள்ளும். பதிவுச் சான்று வேறு 2024 டிசம்பரில் முடிகிறது. 15 வருடம் தாண்டிய சொந்த வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒரு முறை வண்டியைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். பிரேக் பிடிக்காத வண்டியை எப்படிக் காட்டுவது?

ஓடினால் இந்த ரக ஜீப்புக்கு மலையடிவாரத்தில் நல்ல விலை உண்டு. ஓடாவிட்டால் 35,000. இடையில் இருந்த வித்தியாசம் அந்தம்மாவின் சங்கிலி.

ஒரு மெக்கானிக் வந்து பார்த்தார். நல்ல மனிதர்தான். "அக்கா, இந்த வண்டிக்குப் படுத்து வேலை பாக்க இப்ப பசங்க கிடையாது. ஷெட்டுக்குக் கட்டி இழுத்துட்டு வந்தீங்கன்னா, ரெண்டு மாசம் கழிச்சுக் கை வைக்கலாம்" என்றார். அவர் போன பிறகு அந்தம்மா உள்ளே போய்ப் பச்சைத் துணி கட்டிய பெட்டியை எடுத்துவந்து, பூட்டைத் திறந்து, ஸ்பேனர்களை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டார்.

"என்னத்தா பண்ணப் போற?" என்று பக்கத்து வீட்டுப் பெரியம்மா கேட்டார்.

"பழைய பாத்திரம் வெளக்குறேன் பெரியம்மா."

முதலில் பூனைக்கு ஒரு அட்டைப்பெட்டி தயாரானது. அப்புறம் எஞ்சின். அது எதிர்பார்த்ததைவிடச் சுலபமாக முடிந்துவிட்டது. டாங்கிலிருந்த பழைய டீசலை வடித்தபோது, வாளியின் அடியில் தண்ணீர் தனியாகப் பிரிந்து நின்றது. புது டீசல் 5 லிட்டர், புது ஃபில்டர். டீசல் எஞ்சினுக்குள் காற்று புகுந்தால் கிளம்பாது என்பது அந்தம்மாவுக்குத் தெரியும். கை பம்பை அடித்து, ஃபில்டர் மேலுள்ள ஸ்க்ரூவைத் தளர்த்தி, நுரை நின்று சுத்தமான டீசல் வரும்வரை காத்திருக்க வேண்டும். அடிக்கடி பார்த்த வேலை. டீசல் பம்பை மட்டும் தொடவே இல்லை. "அது அவரே தொடாதது. நான் எப்படித் தொடுவேன்?" என்றார்.

ஜீப்புக்காரரின் நாற்காலி மரத்தடிக்கு வந்திருந்தது. அவர் கண் ஒவ்வொரு நட்டையும் தொட்டுக்கொண்டே போகும். எங்கேயாவது தப்பாகக் கை போனால், "பதினேழு! பதினேழு!" என்று சத்தம் வரும். அந்தம்மா பதினேழைக் காதில் வாங்குவதில்லை. அவர் எதைப் பார்க்கிறார் என்று பார்ப்பார். அங்கே ஒரு கிளாம்ப் இறுக்காமல் இருக்கும்.

புது பேட்டரி வைத்து, ஹீட்டர் பிளக் சூடேறச் சாவியைக் கொஞ்ச நேரம் பிடித்திருந்து, பிறகு திருப்பினார் பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பையன். மூன்றாவது முறையில் எஞ்சின் இருமியது. ஐந்தாவது முறையில் வெள்ளைப் புகை கக்கிக்கொண்டு பிடித்தது. தெருவே வந்து நின்றது. ஜீப்புக்காரர் யாரையும் பார்க்கவில்லை. தலையைச் சாய்த்து, சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆனால் கிளம்பாத வண்டியால் ஆபத்தில்லை. கிளம்பி நிற்காத வண்டிதான் ஆளைக் கொல்லும். பிரேக் பெடலைப் பையன் மிதித்தால் அது தரைவரைக்கும் போய் அங்கேயே படுத்துக்கொண்டது.

நாலு சக்கரமும் டிரம் பிரேக். பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து பிரேக் ஆயில் குழாய் வழியாகப் போய், ஒவ்வொரு சக்கரத்திலும் உள்ள சின்ன சிலிண்டரைத் தள்ளும். அது இரண்டு ஷூக்களை விரித்து டிரம்மின் உள்பக்கத்தில் அழுத்தும். சின்ன சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் கிண்ணம் வெடித்தால் ஆயில் ஒழுகும். பிரேக் ஆயிலுக்கு இன்னொரு கெட்ட குணம், காற்றிலுள்ள ஈரத்தை அது உறிஞ்சிக்கொள்ளும். வருடக்கணக்கில் மாற்றாமல் விட்டால், மலையிறக்கத்தில் டிரம் சூடேறும்போது உள்ளே இருக்கும் தண்ணீர் கொதித்து ஆவியாகிவிடும். திரவம் அழுத்தத்தைக் கடத்தும், ஆவி பஞ்சு மாதிரி அமுங்கிவிடும். போடிமெட்டிலிருந்து இறங்கும்போது "ஏறுன கியர்லயே இறங்கு" என்று பழைய டிரைவர்கள் சொல்வது அதனால்தான். எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக்குக்கு மூச்சு விட நேரம் கிடைக்கும்.

சக்கரத்தைக் கழற்றுவதில் ஒரு கூத்து நடந்தது. இந்த வண்டியின் சக்கரமும் ஹப்பும் எப்போதோ ஒரு பழைய வில்லிஸ் ரக ஜீப்பிலிருந்து எடுத்து மாட்டியவை. பழைய வில்லிஸில் இடது பக்கச் சக்கர நட்டுகளுக்கு மரை தலைகீழ். ஓட்டத்தில் கழன்றுவிடக் கூடாது என்று அப்படி வைத்தார்கள். இது தெரியாமல் கல்லூரிப் பையன் ஸ்பேனர் மேல் ஏறி நின்று, முழு பலத்தோடு நட்டை இன்னும் இறுக்கிக்கொண்டிருந்தான். சமையலறையிலிருந்து வந்த அந்தம்மா ஒரு நிமிடம் பார்த்தார்.

"தம்பி, அந்தப் பக்கம் எல்லாமே ஏறுக்கு மாறுடா. முடுக்குற பக்கம் திருப்பு."

சக்கரம் கழன்றது. துருப்பிடித்த டிரம் கழலவில்லை. வண்டிக்கடியில் கட்டை அடுக்கி, சக்கரத்துக்குக் கல் வைத்து, அட்ஜஸ்ட்மென்டைத் தளர்த்தி, டிரம்மைச் சுற்றிச் சுற்றிச் சுத்தியலால் தட்ட ஒரு மத்தியானம் முழுக்கப் போயிற்று. கழன்ற டிரம்முக்குள் கறுப்புத் தூள் குவிந்து கிடந்தது. பையன் ஊதப் போனான். அந்தம்மா அவன் தலையைத் தள்ளிவிட்டு ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றினார். பழைய லைனர்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்ததுண்டு. அதன் தூசி நெஞ்சுக்குள் போகக் கூடாது. அந்தப் பெயரெல்லாம் அந்தம்மாவுக்குத் தெரியாது. ஜீப்புக்காரர் எப்போதும் தண்ணீர் ஊற்றித்தான் பார்த்திருக்கிறார், அவ்வளவுதான்.

நாலு சிலிண்டரில் இரண்டு உள்ளுக்குள் அரித்துப் போயிருந்தன. அவற்றுக்குப் புதுசு வாங்க வேண்டியதாயிற்று. மற்ற இரண்டையும் நைஸ் எமரித் தாளால் தேய்த்து, புது ரப்பர் போட்டால் போதும். தேனியில் கடைக்காரர், "மெக்கானிக்க அனுப்புங்கம்மா, நீங்க சொல்றது புரியல" என்றார். அந்தம்மா பையிலிருந்து பழைய சிலிண்டரை எடுத்து மேஜை மேல் வைத்தார். "இதே சைஸ்ல ரெண்டு. ரப்பர் கிட்டு ரெண்டு. ஆயிலு சீல் உடைக்காத டப்பா." கடைக்காரர் அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை, உட்கார ஸ்டூல் போட்டார்.

ரப்பரை மாட்டும்போது பிரேக் ஆயிலைத் தொட்டுத்தான் மாட்டினார். எஞ்சின் ஆயிலோ கிரீஸோ பட்டால் அந்த ரப்பர் உப்பிவிடும். பையன் கிரீஸ் டப்பாவை நீட்டியபோது நாற்காலியிலிருந்து வந்த பதினேழு, தெருக்கோடிவரை கேட்டிருக்கும்.

கடைசியாக, குழாய்க்குள்ளே இருக்கும் காற்றை எடுக்க வேண்டும். இதுதான் இரண்டு பேர் வேலை. ஒருவர் மேலே உட்கார்ந்து பெடலை மூன்று முறை மிதித்து, மூன்றாவதில் அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டும். அடியில் இருப்பவர் சிலிண்டர் பின்னாலுள்ள நிப்பிளைக் கால் சுற்றுத் தளர்த்துவார். டியூப் வழியாகப் பாட்டிலுக்குள் ஆயிலும் காற்றுக் குமிழியும் வரும், பெடல் கீழே இறங்கும். நிப்பிளை மூடிய பிறகுதான் மேலே இருப்பவர் காலை எடுக்க வேண்டும். ஒரு நொடி முந்தி எடுத்தால், வெளிக்காற்றை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். செய்த வேலையெல்லாம் வீண். 20 வருடமாக இந்த வேலையில் மட்டும் அந்தம்மா மேலே, அவர் கீழே.

பையனைத்தான் மேலே உட்காரவைத்தார்கள். அன்றைக்கு ஒரு மணி நேரம் போராடியும் குமிழி நிற்கவில்லை. பையன் பாதி நேரம் செல்போனைப் பார்த்தான். மீதி நேரம் சீக்கிரம் காலை எடுத்தான். அந்தம்மா எழுந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, புருஷனைப் பார்த்தார். அவர் இடது காலைத் தரையில் தட்டிக்கொண்டிருந்தார். மூன்று தட்டு. நிறுத்தம். மூன்று தட்டு. நிறுத்தம்.

விழுந்தது வலது பக்கம். இடது கால் நன்றாகத்தானே இருக்கிறது? எஞ்சின் ஓடாத வண்டியில் பிரேக்கை எந்தக் காலால் மிதித்தால் என்ன?

இரண்டு பேர் தூக்கி அவரை டிரைவர் சீட்டில் உட்காரவைத்தார்கள். 14 மாதம் கழித்து. வலது கை மடியில் கிடந்தது. இடது கை தானாகப் போய் ஸ்டியரிங்கைப் பிடித்தது. அந்தம்மா சாக்கை விரித்து, தூரமான சக்கரம் முதலில் என்ற கணக்குப்படி, இடது பின்சக்கரத்துக்கு அடியில் போய்ப் படுத்தார். முகத்தைப் பார்க்க முடியாது. குரல்தான் வேண்டும்.

"ஏங்க, மிதிங்க. ஒண்ணு..."

மேலே பெடல் சத்தம்.

"ரெண்டு..."

பெடல் சத்தம். அந்தம்மா நிப்பிள்மேல் ஸ்பேனரை வைத்துக்கொண்டு அடுத்ததைச் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மேலேயிருந்து வந்தது.

"மூணு."

குழறல் இல்லாமல், பழைய குரலில்.

கீழே ஸ்பேனர் கை நழுவிப் போயிற்று. மண்ணில் தடவி எடுத்தார். பேச்சிழந்தவர்களுக்கும் சில சமயம் எண்ணிக்கை, கிழமை வரிசை, பழகிய பாட்டு, திட்டு இவையெல்லாம் முழுசாக வரும். யோசித்துக் கோக்கும் பேச்சு வேறு, பழக்கத்தில் தானாக உருளும் பேச்சு வேறு என்பார்கள். பேச்சுப் பயிற்சி தருகிறவர்கள் அந்த வழியில்தான் ஆரம்பிப்பதுண்டு. இதெல்லாம் மறுவாரம் டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது. அந்த நிமிடத்தில் தெரிந்தது, மேலே பெடல் பிடித்தபடி நிற்கிறது, நிப்பிளைத் திறக்க வேண்டும் என்பது மட்டும்தான். திறந்தார். புஸ்ஸென்று காற்றும் ஆயிலும் வந்தன. மூடினார். "விடுங்க" என்றார். அதற்குப் பிறகுதான் கால் எழுந்தது.

"ஒண்ணு," என்றார் அவர்.

ஒவ்வொரு சக்கரத்துக்கும் பத்துப் பன்னிரண்டு முறை. பையன் டப்பாவில் ஆயில் குறையக் குறைய ஊற்றிக்கொண்டிருந்தான். வலது பின்சக்கரம், இடது முன்சக்கரம், கடைசியில் அவர் காலடிக்குப் பக்கத்திலிருக்கும் வலது முன்சக்கரம். சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பெடல் பாதி வழியில் கல் மாதிரி நின்றது. அந்தம்மாவின் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. பிரேக் ஆயில் பட்டுவிட்டது என்று சொல்லிக் கிணற்றடிக்குப் போய் முகம் கழுவினார்.

அடுத்த ஞாயிறு மகன் வந்தான். முந்தல் ரோட்டில் மெதுவாக ஓட்டிப் பார்த்தான். இரண்டாம் கியரில், மூன்றாம் கியரில், மிதித்த இடத்தில் நின்றது. லேசாக இடப்பக்கம் இழுத்தது, ஷூவைச் சரிசெய்ததும் அதுவும் போயிற்று. "யாரும்மா பிரேக் வேலை பாத்தது?" என்று கேட்டான். அந்தம்மா திண்ணையைக் காட்டினார். ஜீப்புக்காரர் இடது கையால் அந்தம்மாவைக் காட்டினார்.

கணக்கு நோட்டில் மொத்தச் செலவு 18,400 ரூபாய் என்று எழுதியிருக்கிறது. பேட்டரிதான் அதில் பெரிய தொகை. பதிவைப் புதுப்பிக்க ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் 5,000, பசுமை வரி, இன்சூரன்ஸ், புகைச் சான்று எல்லாம் தனி. மகன் ஓட்டிக்கொண்டு போனான். ஆய்வாளர் ஏறி உட்கார்ந்து, பிரேக்கை மிதித்துப் பார்த்து, கையெழுத்துப் போட்டார்.

தை பிறந்ததும் மலைமேல் ஏலத்தோட்டம் குத்தகைக்கு எடுத்திருக்கும் ஒரு இளைஞர் வந்து 1,85,000-க்கு முடித்தார். விற்காமல் வைத்துக்கொள்வார்கள் என்று தெருவில் சிலர் எதிர்பார்த்தார்கள். வைத்துக்கொண்டு யார் ஓட்டுவது? சாவியை ஜீப்புக்காரரே இடது கையால் எடுத்துக் கொடுத்தார். வண்டி தெருமுனை திரும்பும்வரை எஞ்சின் சத்தத்தைக் கேட்டார். அப்புறம் உள்ளே கொண்டுபோய்ப் படுக்கவைக்கச் சொல்லிச் சைகை காட்டினார். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. சங்கிலி வீட்டுக்கு வந்தது. அந்தம்மா அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றார். அவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "பதினேழு" என்றார்.

மரத்தடி வெறிச்சென்று கிடந்தது. எண்ணெய் சொட்டிச் சொட்டிக் கறுத்த இடத்தில் புல் முளைக்கவில்லை. பூனை மட்டும் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தது.

பங்குனியில் ஒரு ஞாயிறு காலை, தெருவில் பழகிய சத்தம் கேட்டது. ஜீப் வந்து வாசலில் நின்றது. இளைஞர் தயங்கித் தயங்கி இறங்கினார்.

"அம்மா, பெடல் கொஞ்சம் பஞ்சு மாதிரி இருக்கு. ஷெட்ல காட்டினேன், மூணு நாள் ஆகும்னாங்க. இந்த வண்டிய நீங்கதான் பாத்தீங்கன்னு பக்கத்து வீட்டுத் தம்பி சொல்லுச்சு. கூலி என்னன்னு சொல்லுங்க, தந்துர்றேன்."

அந்தம்மா வண்டியைச் சுற்றி வந்தார். இடது பின்சக்கரத்தின் உள்பக்கம் விரலை வைத்துப் பார்த்தார், ஈரம். "எமரித் தாள் போட்டுத் தேச்ச சிலிண்டர்தான். அப்பவே மாத்தியிருக்கணும்" என்று முணுமுணுத்தார். "புதுசு ஒண்ணு வாங்கிட்டு வாங்க தம்பி. கூலிய அப்புறம் பேசிக்கலாம். சக்கரத்தக் கழட்டும்போது இடப்பக்கம் மட்டும் தலைகீழா திருப்பணும், ஞாபகம் வச்சுக்கோங்க."

பத்தரை மணிக்கெல்லாம் பச்சைத் துணிப் பெட்டி மரத்தடிக்கு வந்துவிட்டது. இளைஞரும் கல்லூரிப் பையனும் ஜீப்புக்காரரைத் தூக்கி சீட்டில் வைத்தார்கள். அந்தம்மா சாக்கை விரித்து அடியில் நகர்ந்தார். தாலிக்கயிற்றோடு சங்கிலியையும் தூக்கி ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டார்.

"ஏங்க, ரெடியா?"

"ஒண்ணு," என்றார் அவர். "ரெண்டு. மூணு. நாலு. அஞ்சு..."

"மூணுல நிப்பாட்டுங்கங்க!" என்று கீழேயிருந்து சத்தம் போட்டார் அந்தம்மா. "என்ன, கடை வாடகையா எண்ணுறீங்க?"

மேலே அவர் சிரித்த சத்தம் கேட்டது. பிறகு முதலிலிருந்து ஆரம்பித்தார்.